சட்டைப்பையில் ஒரு சிவப்பு ரிப்பன்

பயப்படுவதற்கு ஒரு பரீட்சை வைத்தால் நம் ஒயர்மேன்தான் முதலாவதாக வருவார். கரண்ட் வேலை பார்க்கிறவன் பயப்படுவதில் தப்பில்லை. பயப்படாதவன் அந்த வேலையில் ரொம்ப நாள் நீடிப்பதில்லை. ஆனால் இவர் கரண்டோடு நிறுத்திக்கொள்ளும் ஆள் இல்லை. மகள் தும்மினால் பயம். தும்மாமல் சும்மா இருந்தால், ஏன் சும்மா இருக்கிறாள் என்று அதற்கும் ஒரு பயம். "உங்க அப்பாவுக்குப் பயப்படாட்டி சாப்பிட்டது செரிக்காது" என்பாள் அவர் மனைவி. அவள் துணிக்கடையில் பில் போடுகிறவள். நாள் முழுக்க நின்று கால் கடுத்து வீடு வருகிறவளுக்குப் பயப்பட நேரம் ஏது?

இந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. மகள் சின்னப் பிள்ளை, பள்ளிக்கூடம் பிற்பகலிலேயே விட்டுவிடும். அந்த நேரத்தில் அப்பா எங்கோ ஒரு கட்டிடத்தில் ஏணிமேல் நிற்பார், அம்மா கடையில் நிற்பாள். பாப்பா தானே பூட்டைத் திறந்து, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, பொழுது சாயும்வரை ஒற்றையாக உட்கார்ந்திருப்பாள். ஒயர்மேன் ஏணியில் நின்றபடியே ஃபோன் போடுவார்.

"பாப்பா, தாழ் போட்டியா? அடுப்புப் பக்கம் போகாத. யாரு தட்டினாலும் திறக்காத."

கொஞ்ச நேரம் போகும். மறுபடி ஃபோன்.

"இப்பவும் தாழ் போட்டுதானே இருக்கு?"

ஒருநாள் அவள் எடுக்கவில்லை. ஏணியிலிருந்து எப்படி இறங்கினார், எந்த வழியாக ஓடினார் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. வந்து பார்த்தால், காலையிலேயே சாவியை வீட்டுக்குள் மறந்துவிட்டுப் போன பிள்ளை, மாடிப்படியில் பள்ளிப் பையைக் கட்டிக்கொண்டு அழுதழுது தூங்கிப்போயிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோடு.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்து மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்தார்கள். ஏதோ ஒரு கம்பெனி தன் பழைய கம்ப்யூட்டர்களைக் கொடுத்திருந்தது. சொல்லிக் கொடுக்க ஓர் இளம்பெண் வந்தாள். பிள்ளைகளுக்கு அவள் கம்ப்யூட்டர் அக்கா. பள்ளி விட்டதும் நேரே வரலாம், பெற்றவர்கள் வேலை முடிந்து வந்து கூட்டிக்கொண்டு போகலாம். எல்லாம் இலவசம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். ஒயர்மேன் பல்லைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், வாலையும் தூக்கிப் பார்த்தார்.

"சும்மா எதுக்கு ஒருத்தர் சொல்லிக் குடுக்கணும்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"உங்களுக்கு எல்லாத்துலயும் ஷாக் அடிக்கும். பிள்ளை படியில தூங்கினது போதும், அனுப்புங்க."

அனுப்பினார். முதல் வாரம் தினமும் நூலகத்துக்கு ஃபோன் போட்டு, "பாப்பா இருக்காளா?" என்று கேட்டார். பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள். ஒருநாள் ஏணியில் நின்றபடி வேலையை முடித்துவிட்டுக் கீழே இறங்கியபோதுதான், அன்று பிற்பகல் முழுக்கத் தான் பயப்படவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. அதை நினைத்துக் கொஞ்சம் பயந்தார்.

எதைக் கேட்டாலும் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த பாப்பா, வீடு திரும்பும் வழியெல்லாம் வாயை மூடாமல் பேச ஆரம்பித்தாள்.

"அப்பா, இன்னிக்கு நான் ஒரு பூனையை நடக்க வெச்சேன்."

"எந்தப் பூனை? கிட்டப் போகாத, பிராண்டிடும்."

"கம்ப்யூட்டர் பூனைப்பா!"

இப்படி மனசு குளிர்ந்த மனுஷனுக்குக் கை அரிக்காமல் இருக்குமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற ஜாதி அவர். பதிலுக்கு நாமும் ஏதாவது செய்தாக வேண்டும் என்பது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. செய்வதற்கு ஒன்று கண்ணெதிரே இருந்தது. மூலையில் இருந்த கம்ப்யூட்டரின் பிளக் பாயிண்ட். ஓரமெல்லாம் கருகி, சொருகினால் பல்லாடுகிற மாதிரி ஆடும். அந்தக் கம்ப்யூட்டரில்தான் அவர் மகள் உட்காருவாள். நூலகத்து ஆபீசில் சொல்லிப் பார்த்தார். "பார்க்கலாம்" என்றார்கள். யாரும் பார்க்கவில்லை.

இதற்கிடையில் கம்ப்யூட்டர் அக்கா பெற்றவர்களைக் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னாள். கம்பெனியிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள். பிள்ளைகள் உருப்படியாக எதையாவது செய்து காட்டினால் மெஷின்கள் இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் வேறு எங்காவது கொண்டுபோய்விடுவார்கள், வகுப்பும் அதோடு சரி. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு விளையாட்டு தயாரிக்கிறார்கள் என்றும், ஆளுக்கொரு பகுதியைச் செய்து மூலைக் கம்ப்யூட்டரில் ஒன்றாகக் கோக்கிறார்கள் என்றும் சொன்னாள்.

"என்ன விளையாட்டு பாப்பா?" என்று கேட்டார்.

"சொல்ல மாட்டேன். வந்து பாருங்க."

அன்றிலிருந்து ஒயர்மேனுக்குத் தூக்கம் பாதியாயிற்று. வகுப்பு போனால் மறுபடியும் பூட்டின வீடு, மாடிப்படி, எடுக்காத ஃபோன். அதிலும் அந்தப் பிளக் பாயிண்ட் வேறு. வந்த ஆட்கள் முன்னாலேயே பட்டென்று பொறி பறந்தால்? புகை வந்தால்? பிள்ளை கை வைத்திருக்கும்போது வந்தால்? அவர்கள் வரும் அன்றைக்கே, மத்தியானம் நூலகம் ஓய்ந்திருக்கும் நேரத்தில், ஒருவரிடமும் மூச்சுவிடாமல் போய் அதை மாற்றிவிடுவது என்று முடிவு கட்டினார். சொன்னால் "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று தடுப்பார்கள்.

இங்கே அவருக்குத் தெரியாத ஒரு சங்கதியை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மெஷின்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கண்ட பிள்ளைகளும் கை வைப்பதால் கெட்டுப்போகக் கூடாதென்று, அணைத்து மறுபடி போட்டால் பழைய நிலைக்கே திரும்பும்படி அமைத்துவிட்டிருந்தார்கள். அன்றைக்குச் செய்ததெல்லாம் துடைத்த சிலேட்டு. அதனால் வேலை முடிந்ததும் அக்கா ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்வாள். முந்தின நாள் பார்த்து அது கெட்டுப்போயிற்று. புதுசு வாங்கிக்கொண்டு நாளைக்கு வருகிறேன், அதுவரை மூலை மெஷின் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தாள். ஓடுகிற மெஷினை யாரும் அணைத்துவிடாமல் இருக்கப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ரிப்பன் கட்டியிருந்தால் தொடக்கூடாது. ரிப்பன் இல்லாத பையன்கள் கைக்குட்டையைக் கட்டுவார்கள். பெருக்கித் துடைக்கிற அம்மா வரைக்கும் அந்த வழக்கம் தெரியும். பெற்றவர்களிடம் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு ஒயர்மேன் மாடி ஏறினார்.

"சட்டுபுட்டுனு முடிச்சிடு தம்பி. ஆபீஸ்ல கேட்டா என் தலைதான் உருளும்" என்றார் வாட்ச்மேன்.

"ரெண்டு ஸ்குரூதான் அண்ணே."

அறையில் புழுக்கம். ஃபேனைப் போட்டார். மூலைக் கம்ப்யூட்டரின் திரை கறுத்துக் கிடந்தது. அதன் தலையில் ஒரு சிவப்பு ரிப்பன், பூ மாதிரி முடிச்சுப் போட்டு. பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரிப்பனைத் தொலைத்துவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்காத நாளே அவளுக்குக் கிடையாது. நேற்றும் ஒற்றை ரிப்பனோடுதான் வீட்டுக்கு வந்தாள். முடிச்சை மெதுவாக அவிழ்த்து, நீவி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகள் திட்டு வாங்காமல் தப்பித்தாள் என்று சந்தோஷம் வேறு.

வெளியே படிக்கட்டுப் பக்கம் மெயின் பாக்ஸ். சுவிட்சை இறக்கினார். அதோடு விட மாட்டார். ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். தான் ஒயரில் கை வைத்திருக்கும்போது வேறு எவனாவது வந்து மெயினைத் தூக்கிவிட்டால்? அது அவர் தொழிலில் ஒரு நாளும் தவறாத முறை. ஃபேன் நின்றது. ஃபேனோடு சேர்ந்து இன்னொரு மெல்லிய இரைச்சலும் அடங்கியது. அதையும் ஃபேன் கணக்கிலேயே அவர் சேர்த்துவிட்டார்.

டெஸ்டர் வைத்துப் பார்த்தார், பழைய பாயிண்டைக் கழற்றினார், வெந்துபோன ஒயர் நுனியை வெட்டிச் சீவினார், புதுசை மாட்டி இறுக்கினார். சொருகிப் பார்த்தால் கல்லாட்டம் நின்றது. ஃபியூஸைப் போட்டு மெயினைத் தூக்கிவிட்டு, தூசியைக்கூடக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுக் கீழே இறங்கினார். வெகு நாளைக்கப்புறம் மனசில் ஒரு பாரம் குறைந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் சீக்கிரமே வேலையை முடித்துக்கொண்டு வந்தார். புதுப் பாயிண்டைப் பார்த்து மகள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டாமா? படி ஏறும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. எப்போதும் சந்தைக்கடை மாதிரி இரைகிற அறையில் ஒரு சத்தமும் இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

பிள்ளைகள் எல்லோரும் மூலைக் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். நடுவில் அவர் மகள். அக்கா புது பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"போச்சு" என்றான் குண்டூசி. ஒல்லியாக இருப்பதால் அந்தப் பையனுக்கு அந்தப் பெயர். வாய் மட்டும் கடப்பாரை. "எல்லாமே போச்சு. யாரோ அணைச்சிருக்காங்க. நீ ரிப்பன் கட்டலைதானே?"

"கட்டினேன்" என்றாள் பாப்பா.

"கட்டியிருந்தா எங்க? ரிப்பன் கட்டின மெஷினை யாராச்சும் தொடுவாங்களா?"

"கட்டினேன்... கட்டினேன்னுதான் நினைக்கிறேன்."

ஒயர்மேனின் கை தன்னால் சட்டைப்பைக்குப் போனது. டெஸ்டருக்குக் கீழே வழவழவென்று ரிப்பன் தட்டுப்பட்டது. மத்தியானம் ஃபேனோடு சேர்ந்து அடங்கிய அந்த இரைச்சல் இப்போது காதில் திரும்பக் கேட்டது. என்ன செய்திருக்கிறோம் என்று புரிந்தபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

சொல்லிவிடலாமா? சொன்னால் வாட்ச்மேன் தலை உருளும். கேட்காமல் கை வைத்தவன் மகளை இனி இங்கே சேர்ப்பார்களா? ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாப் பிள்ளைகளும் அவளைப் பார்த்து, உங்க அப்பாதானே என்பார்களே. ரிப்பனை மேஜைக்குப் பின்னால் மெல்ல நழுவவிட்டால்? காற்றில் விழுந்தது, யாரோ தெரியாமல் அணைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்கிற உலகத்தில் ஒரு சாண் ரிப்பன் எம்மாத்திரம்? வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது, அந்த நல்ல மனுஷனின் விரல்கள் ரிப்பனைச் சுருட்டவும் ஆரம்பித்துவிட்டன.

அப்போது பாப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நான்தான் மறந்திருப்பேன். எல்லாத்தையும் தொலைக்கிறவதானே நான்."

மாடிப்படியில் பார்த்த அதே முகம். ஒயர்மேனால் தாங்க முடியவில்லை.

"நீ மறக்கலை பாப்பா" என்றார். உள்ளே போய்க் கையை விரித்தார். சிவப்பு ரிப்பன். "நீ கட்டித்தான் வெச்சிருந்த. அப்பாதான் அவிழ்த்தேன். பிளக் பாயிண்ட் கருகிக் கிடந்துச்சு, மாத்தலாம்னு மெயினை இறக்கினேன். டீச்சர், எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. வாட்ச்மேன் அண்ணனை ஒண்ணும் சொல்லிடாதீங்க, நான்தான் கெஞ்சிச் சாவி வாங்கினேன்."

பிள்ளைகள் அவரையும் ரிப்பனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"நல்லதுக்குத்தான் செஞ்சீங்க சார்" என்றாள் அக்கா கடைசியில். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "பொழுது சாயத்தான் வருவாங்க. படம் வரையறதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல, குச்சி மனுஷங்க போதும். யாருக்கு எது ஞாபகம் இருக்கு?"

பாப்பா தன் அப்பாவின் கையிலிருந்து ரிப்பனை எடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதை மறுபடியும் கம்ப்யூட்டரின் தலையில் இறுக்கிக் கட்டினாள்.

"அப்பா, நீங்க வெளியில இருங்க."

அவர் வெளியே போனார். போனவர் வீட்டுக்குப் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. மெயின் பாக்ஸின் முன்னால் போய், அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். இனிமேல் ஒரு ஈ, எறும்பு அதைத் தொட்டால் தொலைந்தது. உள்ளேயிருந்து பிள்ளைகளின் குரல் கலந்துகட்டி வந்தது. "அதை மேல வை", "இல்ல, கீழ", "ஃபோன் சத்தம் எங்க?", "குண்டூசி, நீ மறுபடி பேசு." நடுநடுவே எல்லாம் அடங்கி மௌனமாகும். அந்த மௌனம் ஒவ்வொன்றிலும் அவருக்கு உயிர் போய்த் திரும்பியது. வெளிச்சம் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது. கரண்ட் போய்விட்டால்? ஊருக்கே போய்விட்டால்? அதற்கு எந்தப் பெட்டியை மறைத்துக்கொண்டு நிற்பது?

கடையிலிருந்து நேரே வந்த மனைவி, அவர் நிற்கும் கோலத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, பெட்டிக்குக் காவலா? அதை யாரு தூக்கிட்டுப் போகப் போறா?"

சொன்னார். ஒன்றையும் மறைக்காமல், ரிப்பனைச் சுருட்டியதுவரை சொன்னார். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுதா" என்றாள். கடுத்த காலைத் தேய்த்துக்கொண்டே, "பாப்பா என்ன சொன்னா?"

"வெளியில இருங்கன்னா."

"அவ்வளவுதானா? நானா இருந்தா ஊருக்கே வெளியில இருங்கன்னிருப்பேன்." சொல்லிவிட்டு எழுந்து வந்து அவர் பக்கத்தில், பெட்டியின் மறுபாதியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

கம்பெனியிலிருந்து கண்ணாடி போட்ட ஓர் அம்மாளும், கையில் பையோடு ஓர் இளைஞனும் வந்தார்கள். அந்த அம்மாள் இவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இங்க கரண்ட் பிரச்சனை ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க" என்றார் ஒயர்மேன். "இனிமே இருக்காதுங்க."

கதவு சாத்திக்கொண்டது. மனைவி அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஃபோன் மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு எந்த மாதிரிச் சிரிப்பு என்று பிடிபடவில்லை. அப்புறம் குண்டூசி கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

"மாமா, உங்களை உள்ள கூப்பிடறாங்க. சீக்கிரம்."

போனார், தண்டனை வாங்கப் போகிறவனாட்டம். மூலைக் கம்ப்யூட்டரின் முன்னால் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு வீடு. அதற்குள் குச்சிக் கையும் குச்சிக் காலுமாக ஒரு பெண்பிள்ளை, ஒரு பூனை. தலைக்கு மேலே எழுத்து: அப்பா ஃபோன் பண்றார். அந்தப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுத வேண்டும், பூனைக்குப் பால் வைக்க வேண்டும். அம்மாள் பால் கிண்ணத்தைத் தொடப் போனாள். ஃபோன் அடித்தது. குரலைக் கட்டையாக்கிக்கொண்டு குண்டூசி பேசினான்: "பாப்பா, தாழ் போட்டியா?" அம்மாள் அவசரமாகப் போய்த் தாழைத் தொட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி ஃபோன். "இப்பவும் தாழ் போட்டுதானே இருக்கு?"

ஒயர்மேனுக்குக் காது சூடாகிவிட்டது. தனியே இருந்த பொழுதுகளில் பிள்ளை எவ்வளவு பயந்தாளோ என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். பயந்தது யார் என்று பிள்ளைக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அம்மாள் விடவில்லை. வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டாள், பால் கிண்ணத்துக்கும் வந்துவிட்டாள். அப்போது வீட்டின் கூரையில் ஏணியோடு ஒரு குச்சி மனுஷன் முளைத்தான். பட்டென்று திரை முழுக்க இருண்டது. இருட்டில் எழுத்துகள் வந்தன: அப்பா மெயினை அணைத்துவிட்டார். எல்லாம் போச்சு.

"இது முன்னாடி இல்ல" என்று அக்கா வாய்விட்டுச் சொன்னாள். "இப்பதான் சேர்த்திருக்காங்க."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "யாரோட அப்பா இவர்?"

அத்தனை பிள்ளைகளும் திரும்பி ஒரே நேரத்தில் விரல் நீட்டினார்கள். ஒயர்மேன், வகுப்பில் பேர் கூப்பிட்ட பையன் போலக் கையைத் தூக்கினார்.

"எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார், இதே மாதிரி" என்றாள் அந்த அம்மாள். பிறகு இளைஞன் பக்கம் திரும்பினாள். "மெஷின் எதையும் எடுக்க வேணாம். இங்கயே இருக்கட்டும்." கம்ப்யூட்டர் அக்கா பக்கத்து நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள்.

"சரி, நான் இன்னும் பூனைக்குப் பால் வைக்கல" என்றாள் அந்த அம்மாள். "இருட்டாவே இருக்கே, இப்ப என்ன பண்றது?"

"கீழ ஒரு பட்டன் வரும்" என்றாள் பாப்பா. "அதை அமுக்கினா மறுபடி முதல்லேர்ந்து வரும். ஆனா நீங்க அமுக்கக் கூடாது." அப்போதுதான் அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, நீங்க வாங்க."

அவர் பக்கத்தில் போய்க் குனிந்தார். இருட்டின் அடியில் சிவப்பாக ஒரு பட்டன் மெல்ல வெளிச்சமாகிக்கொண்டு வந்தது. ரிப்பன் மாதிரியே முடிச்சுப் போட்டு வரைந்திருந்தாள். அவசரத்தில் அந்தக் கூட்டம் படமாக வரைந்தது அது ஒன்றைத்தான். அதன்மேல் எழுதியிருந்தது: பரவாயில்லைப்பா.

எழுத்து கலங்கித் தெரிந்ததால் அவர் அதை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. மவுஸைப் பிடித்தார். அமுக்கினார். வீட்டில் விளக்கு எரிந்தது, பூனை எழுந்து நடந்தது, உள்ளே ஃபோன் அடிக்க ஆரம்பித்தது.